ஹீயும் ஹிம்மும் ரலீட்சாவும்

தேர்வு அறையின் கதவு இன்னும் திறக்கவில்லை. ரலீட்சாவின் நாக்கு அதற்குள் வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"செய்யறவன் ஐ, வாங்கிக்கிறவன் மீ. செய்யறவன் ஹீ, வாங்கிக்கிறவன் ஹிம்..."

பள்ளிக்கூடத்து டீச்சர் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த பாடத்தை முணுமுணுத்தபடி அவள் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சோசோபோல் கடற்கரையில் இருக்கும் அந்த ஓட்டலை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. வரவேற்பு மேஜையில் நிற்க வேண்டுமென்றால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் சலவைக்கூடம். கோடை முழுக்க நீராவியில் வெந்துகொண்டு படுக்கைவிரிப்பு மடிக்க வேண்டியதுதான்.

சலவைக்கூடத் தலைவர் ஸ்டோயன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

"ரலீட்சா, உனக்குன்னு ஒரு ஏப்ரன் எடுத்து வச்சிருக்கேன். அளவெல்லாம் கச்சிதமா இருக்கும்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

கைப்பேசி அடித்தது. கணவனின் தம்பி ஆசென். லண்டனில் இரண்டு வருடம் செங்கல் சுமந்தவன். ஆங்கிலேயரைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவனுடைய முடிவு.

"அண்ணி, இலக்கணம் கெடக்கட்டும். ஆளோட தலையைப் பாருங்க. நம்ம ஊர்ல மேலயும் கீழயும் ஆட்டினா இல்லை, பக்கவாட்டுல ஆட்டினா ஆமா. இங்கிலீஷ்காரனுக்கு அப்படியே உல்டா!"

"அப்படியா?"

"நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டீ வேணுமான்னு கேப்பாங்க. நானும் ஆமான்னு பக்கவாட்டுல ஆட்டுவேன். குளிர்காலம் பூரா ஒரு வாய் டீ கெடைக்கலையே!"

"பாவி, இதை இப்பவா சொல்லுவே? எனக்கு ஐ, மீயே தகராறா இருக்கு!"

கதவு திறந்தது.

தலைமை அலுவலகம் அனுப்பியிருந்த ஆங்கிலேயர் ஹோவர்த் ஒல்லியாக, சாதுவாக இருந்தார். படங்களைக் காட்டுவேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், சரியா தப்பா என்று நான் வாய் திறக்கக் கூடாது, அது விதி என்றார்.

வாய்க்குத்தானே விதி, தலைக்கு இல்லையே என்று ரலீட்சா அவர் தலையின் மேல் கண்ணை நட்டாள்.

முதல் படத்தில் ஒருத்தி ஒருவனிடம் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஷீ கிவ்ஸ் ஹிம் தி கீ."

ஹோவர்த்தின் தலை பக்கவாட்டில் மெல்ல அசைந்தது.

ரலீட்சாவுக்குப் பகீரென்றது. இங்கிலீஷ்காரனுக்கு அது இல்லை அல்லவா? வாங்கிக்கிறவன் ஹிம் இல்லையா? அவசரமாக மாற்றினாள்.

"சாரி, சார்! ஷீ கிவ்ஸ் ஹீ தி கீ!"

தலை மேலும் கீழும் ஆடியது.

அடிப்பாவி டீச்சர்! இத்தனை வருடமாகத் தலைகீழாகவா சொல்லிக்கொடுத்திருக்கிறாய்? காதைத் திருகியது வேறு!

அடுத்த படத்திலும் அதே கதைதான். "தே ஆஸ்க் மீ" என்றாள், பக்கவாட்டில் அசைந்தது. "தே ஆஸ்க் ஐ" என்றாள். மேலும் கீழும் ஆடியது. சரி, இனி தயக்கம் எதற்கு என்று துணிந்துவிட்டாள். எது வாயில் சரியாக வருகிறதோ அதை விழுங்கிவிட்டு மற்றதைச் சொன்னாள்.

"ஹிம் கால்ஸ் ஐ! மீ ஹெல்ப் தே! அஸ் லவ் ஷீ!"

ஹோவர்த்தின் தலை ஆடிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி கழன்று விழப்பார்த்தது. நடுவே ஒரு முறை 'ச்சு' கொட்டினார். கடைசிப் படம் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்று ரலீட்சா தன் கைக்குட்டையை நீட்டினாள்.

எழுந்தவளுக்கு மனது கேட்கவில்லை.

"சார், நீங்க வாய் திறக்க வேண்டாம். நான் பாஸா?"

ஹோவர்த் தயங்கினார். அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். தலையை மேலும் கீழும் ஒரு முறை, மிக மெதுவாக ஆட்டினார்.

அவர் கையைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு ரலீட்சா வெளியே பறந்தாள்.

"என்னம்மா, ஏப்ரன் கொண்டுவரவா?" என்றார் ஸ்டோயன்.

"அதை நீங்களே கட்டிக்கிட்டு ஆடுங்க! செத்தாலும் உங்க நீராவிக் குகைக்குள்ள கால் வைக்க மாட்டேன். உங்களோட வேலை செய்யறதுக்குப் பதிலா கடல்ல குதிக்கலாம். உங்க மூஞ்சிக்கு இஸ்திரி போட்டாக்கூடச் சுருக்கம் போகாது!"

ஸ்டோயன் முகம் சிவந்து, விறுவிறுவென்று சலவைக்கூடத்துக்குப் போய்விட்டார்.

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து பென்கா எட்டிப் பார்த்தாள். வார்னாவிலிருந்து இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். ரலீட்சா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பென்கா அக்கா, நான் பாஸ்! ஹோவர்த் சார் தலையை ஆட்டின ஆட்டு இருக்கே, கழுத்து சுளுக்காம இருக்கணும்!"

"யாரு, ஹோவர்த்தா?" பென்காவின் முகம் மலர்ந்தது. "அவரு எங்க வார்னா மாப்பிள்ளையாச்சே! இருபது வருஷத்துல ஊரோட ஒத்துப்போய், தலையைக்கூட இப்பல்லாம் நம்மளை மாதிரியேதான் ஆட்டுவாரு."