கினியின் எடையும் எங்கள் வீட்டு மானமும்

உக்குவளை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

சங்கைக்குரிய சம்பந்தி ரவூப் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அலுவிகாரையில் நீங்களும் றுஸைனா மதினியும் நோய்நொடியின்றி இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. இங்கு நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லியிருப்பேன், நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், பிறகு கல்யாணப் பேச்சு எங்கே போய் நிற்குமோ தெரியாது.

விஷயம் இதுதான். உங்கள் மகள் ஸஹ்னா பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போகும்போது தன் செல்லப்பிராணியை எங்களிடம் விட்டுச் சென்றாள் அல்லவா? எலிக்கும் முயலுக்கும் நடுவில், வாலே இல்லாத அந்தச் சாமானின் இங்கிலீஷ் முழுப்பெயரில் ஹராமான பின்பாதியை எங்கள் வீட்டில் உச்சரிக்க முடியாது என்பதால் கினி என்று மட்டும் கூப்பிடுகிறோம். "மாமா, வாராவாரம் நிறுத்துப் பாருங்க. எடை கூடவும் ஏலா, குறையவும் ஏலா" என்று சொல்லி, அன்றைய எடையையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளை பஸ் ஏறினாள். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற எனக்கா நிறுக்கத் தெரியாது? முதல் வாரம் கினியைக் கூடையோடு கடைத் தராசில் வைத்து நானே நிறுத்தேன். எடை குறைந்திருந்தது! என் வீட்டுக்காரி மஸீனா தலையில் கையை வைத்துக்கொண்டு, "பொண்ணு வீட்டிலிருந்து வந்த முதல் விருந்தாளி, அதைப் பட்டினி போட்டுட்டோமே" என்று அழாத குறை. அன்றே இனிப்பாக வட்டிலாப்பம் அவித்து, ரொட்டியும் சுட்டு வைத்தாள். கினி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் அடுத்த வாரம் நான் மாத்தளை டவுனுக்குப் போயிருந்த நேரம் மஸீனா நிறுத்தால், எடை ஒரேயடியாக ஏறிக் கிடக்கிறது! மோந்து பார்த்தே கொழுக்கிற பிராணியை நான் கண்டதில்லை மச்சான்.

மிருக வைத்தியர் நிமலனிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "இது நல்லாத்தானே இருக்குங்க. புல்லுதான் இதுக்குச் சோறு. கொஞ்சம் கறிமிளகாய், கொய்யாத் துண்டு குடுங்க. இனிப்பு வேணாம்" என்றார். ஆள் நல்லவர்தான், ஆனால் தராசு பொய் சொல்லுமா? நாங்கள் புல்லிலும் கொஞ்சம் குறைத்தோம். நான் நிறுத்தேன், மெலிந்துவிட்டது. பயந்துபோய்ப் புல்லை அள்ளிப் போட்டோம். மஸீனா நிறுத்தாள், கொழுத்துவிட்டது. இப்படியே ஏறி இறங்கி, ஏறி இறங்கி, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போதாததற்கு மஸீனா, "வாயில்லா ஜீவன் புல்லு திங்கக்குள்ள நீங்க அதுக்கு முன்னால வட்டிலாப்பம் திங்கிறதா?" என்று எனக்கும் சட்டம் போட்டாள். காலையில் வல்லாரைச் சம்பல், இரவில் கஞ்சி. எங்கள் மகன் நப்லான் மட்டும் கெட்டிக்காரன், வெளியே கொத்துரொட்டி தின்றுவிட்டு வந்து எங்களோடு பெருமூச்சு விடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஸஹ்னா வருகிறாள். இந்த வாரம் நான் நிறுத்ததில் கினி மறுபடியும் மெலிந்திருக்கிறது. ஒரு சின்னப் பிராணிக்கு வயிறு நிறையத் தீனி போடத் தெரியாத வீட்டுக்கா வாழப் போகிறோம் என்று பிள்ளை நினைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? இரண்டு மனிதர்கள் வயதான காலத்தில் ஒரு கூடையைச் சுற்றி உட்கார்ந்து அழுவதை நீங்கள் பார்த்தால் உங்களுக்கும் மனம் தாங்காது. அது காலையில் என் காலடிச் சத்தம் கேட்டதும் "குவீக்" என்று கூப்பிடுகிறது. அதற்கு ஏதும் ஆனால் நானும் தாங்கமாட்டேன், உண்மையாகவே. ஆகவே நீங்கள் முந்திக்கொண்டு ஸஹ்னாவிடம் நல்லபடியாகப் பேசி, எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை உயர்த்திச் சொல்லவும்.

உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும், கல்யாணம் குறித்த நாளில் குறையில்லாமல் நடக்கட்டும் என்று துஆச் செய்யும்,

சம்பந்தி
ஜிப்ரி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதே ஸஹ்னா வந்துவிட்டாள், பயிற்சி முந்தியே முடிந்துவிட்டதாம். கினியைத் தூக்கிப் பார்த்து, "போகக்குள்ள ஈந்த மாதிரியேதான் ஈக்கிது மாமா. எப்படி நிறுத்தீங்க?" என்றாள். நிறுத்துக் காட்டினேன். தராசு காட்டியதில் கூடைக்குக் கழித்து, கைப்பழக்கத்தில் மிளகுக்குக் கழிக்கிற மாதிரி ஈரத்துக்கும் கழித்து, மீதியைச் சொன்னேன். மஸீனாவோ தராசு காட்டியதைக் கூடையோடு அப்படியே சொல்லி வந்திருக்கிறாள். கினி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்க வேண்டாம். ஆனால் பிள்ளை இப்போது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாமா, நீங்கதான் மிச்சம் மெலிஞ்சி ஈக்கிறீங்க. இந்த வீட்டில சாப்பாடு தாரல்லையா?" என்று கேட்கிறாள். மஸீனா குசினிக்குள் போய்விட்டாள். மச்சான், நீங்கள் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் ஒரு வேளை வயிறாரச் சாப்பிடவும். அப்போதாவது எனக்கும் ஒரு பிடி சோறு கிடைக்கும்.