பனியே பிடிக்காத ஃப்ரிட்ஜுக்குப் பனி நீக்கச் சான்று

ஃப்ரிட்ஜ் என்பது சாப்பாட்டுப் பொருள்களைக் கெடாமல் வைத்துக்கொள்வதற்காக ஏற்பட்ட பெட்டி என்று பொதுமக்கள் வெகுகாலமாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. வீட்டுச் சாதனங்கள் தர ஆய்வு நிலையத்தின் விதிப்புத்தகத்தில், 'குளிர்பதனப் பெட்டி என்பது உட்புறத்தில் பனி படிவதற்கும், அவ்வாறு படிந்த பனி உரிய முறையில் நீக்கப்படுவதற்கும் வகை செய்யப்பட்ட, கதவுடன் கூடிய சாதனம்' என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. தக்காளியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

இந்த வரையறையைப் படிக்காமல் ஆறு வருஷம் உழைத்துவிட்டதுதான் நம் பொறியாளர் அம்மாள் செய்த தவறு.

அவர் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஃப்ரீசரில் ஐஸ் கட்டிக்கொண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. அதற்கு வீட்டிலேயே காரணம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டுக்காரர் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு கையில் திருப்புளியும் மறு கையில் சுத்தியலுமாக ஃப்ரீசருக்கு முன்னால் உட்கார்ந்து ஐஸை உடைப்பார். ஒரு மணி நேரம் நடக்கும். முடிந்ததும், "வீட்டு வேலைல நான் கை குடுக்கலைன்னு யாரும் சொல்லக் கூடாது" என்று அறிவித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வரைக்கும் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். இரண்டு தடவை திருப்புளி குழாயில் இறங்கி, கேஸ் எல்லாம் போய், இரண்டு ஃப்ரிட்ஜ்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

தொழிற்சாலையின் பழைய மாடலில் ஐஸுக்கு மருந்தாக ஒரு கடிகாரமும் ஒரு ஹீட்டரும் இருந்தன. ஐஸ் இருக்கிறதோ இல்லையோ, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஹீட்டர் சூடாகிவிடும். பாதி ஐஸ் உருகும், உருகினது மறுபடி உறையும், நடுவில் பால் திரிந்துவிடும். பொறியாளர் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி எறிந்தார். கதவை எத்தனை தரம் திறக்கிறார்கள், உள்ளே எவ்வளவு ஈரக்காற்று போகிறது என்று கணக்குப் பார்க்கும் ஒரு சின்னச் சாதனத்தைப் பொருத்தினார். சுவரில் மெல்லிசாக ஐஸ் படியப் பார்க்கும்போதே கம்ப்ரஸர் நின்றுவிடும், காற்றாடி மட்டும் சுழலும், படிந்தது தண்ணீராகிக் கீழே தட்டில் இறங்கிவிடும். ஐஸுக்கு உட்காரவே இடம் கிடைக்காது.

சோதனைக்காக முதல் பெட்டியைத் தன் வீட்டிலேயே வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் செய்தித்தாளை விரித்து, ஃப்ரீசரைத் திறந்து, திருப்புளியோடு அப்படியே நின்றார்.

"ஐஸ் எங்க?"

"இனிமே வராதுங்க."

"இந்த வாரமா?"

"எப்பவுமே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப நான் என்ன பண்றது?" என்றார். பொறியாளர் அவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டு பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொடுத்தார். விஞ்ஞான வளர்ச்சியால் குடும்பங்கள் சீரழிகின்றன என்ற கருத்து வீட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் உண்டாயிற்று.

முதலாளிக்குப் பெட்டி பிடித்திருந்தது. ஆனால் அவர் காரியக்காரர். "மாசக் கடைசிக்குள்ள சான்று வந்துட்டா உன் மாடல்மா. வரலைன்னா பழைய கடிகாரத்தையே மாட்டி அனுப்பிடுவேன், உன்னோடதை அப்புறம் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். வெயில் காலம் நமக்காக நிக்காது" என்றார். ஆக, ஆறு வருஷத்து உழைப்பு முப்பது நாளில் வந்து நின்றது. பொறியாளர் இன்னொரு பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆய்வு நிலையத்துக்குப் போனார்.

அங்கே ஆய்வாளர் ஒருவர் இருந்தார். வலது கட்டை விரலில் பெரிய கட்டு. அந்த விரலை விறைப்பாக நீட்டிக்கொண்டே பேனாவைப் பிடித்திருந்ததால், எதை எழுதினாலும் 'சபாஷ்' என்று சொல்லிக்கொண்டே எழுதுவது போலிருந்தது. ஆனால் அவர் சபாஷ் சொல்லும் ரகம் இல்லை. முத்திரை குத்திய மரக்கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து ஃப்ரீசரைத் திறந்தார். இந்தச் சுவரைப் பார்த்தார், அந்தச் சுவரைப் பார்த்தார்.

"பனி எங்கம்மா?"

"பிடிக்காது சார். அதான் இந்தப் பெட்டியோட விசேஷமே."

"அது உங்க விசேஷம். கட்டம் பதினாலுல பனியோட கனம் எத்தனை மில்லிமீட்டர்னு கேட்டிருக்கு."

"பூஜ்யம்னு போடுங்க."

"பூஜ்யம் போட்டா பெட்டி குளிரலைன்னு அர்த்தம். குளிராத பெட்டிக்கு எப்படிச் சான்று குடுக்கறது?"

"நல்லாக் குளிருது சார். கையை விட்டுப் பாருங்க."

ஆய்வாளர் நியாயமானவர். கையை விட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்திருக்க வேண்டும், சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சூடு பண்ணிக்கொண்டார்.

"குளிருது. ஆனா கைக்குத்தான் குளிருது, கட்டத்துக்குக் குளிரலையே. அதோட, கட்டம் பதினஞ்சு இருக்கு. பனி நீங்க எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எழுதணும். இல்லாத பனியை நீக்கினதா நான் எழுதினா, அது பொய்ச் சான்று. தாடி இல்லாதவருக்குச் சவரம் பண்ணிவிட்டதா ரசீது கேக்கறீங்க நீங்க."

பொறியாளர் மேலே துணை இயக்குநரைப் போய்ப் பார்த்தார். அவர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"பெரிய கண்டுபிடிப்புமா. நாடே பெருமைப்படணும். கொஞ்சம் பனி மட்டும் கொண்டுவந்துடுங்க."

மறுநாள் பொறியாளர் எதிர்வீட்டு அக்காவின் ஃப்ரீசரிலிருந்து ஒரு டப்பா ஐஸைச் சுரண்டிக் கொண்டுபோய்ச் சுவரில் அப்பி வைத்தார். ஆய்வாளர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். "இது இந்தப் பெட்டியில பிறந்த பனி இல்லையே" என்று சொல்லி, வெளிப்பனி செல்லாது என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. பொறியாளருக்கு அழுகை வந்தது. உண்மையிலேயே வண்டியின் பின்பக்கம் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஐஸை ஒழிப்பதற்காக ஆறு வருஷம் செலவழித்தவர், ஐஸை உண்டாக்குவதற்காகப் பதினெட்டு நாள் தூங்காமல் வேலை செய்தார். ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணம், அதைச் சூடாக்க ஒரு கம்பி, ஈரக்காற்று நுழையக் கதவு ரப்பரில் ஒரு ஓட்டை. பனி வளர்ப்பான் என்று படிவத்தில் பெயர் கொடுத்தார். தன் சாதனத்தை ஒரு ஸ்விட்ச் போட்டு நிறுத்திவைத்தார். ஃப்ரீசரில் ஏழு மில்லிமீட்டருக்கு ஐஸ் வளர்ந்தது.

ஆய்வாளர் மரக்கோலை வைத்து அளந்தார். அவருடைய முகம் மலர்ந்தது. பிறகு பொறியாளர் ஸ்விட்சைத் தட்டினார். பதினோரு நிமிஷத்தில் ஐஸ் இருந்த இடம் தெரியவில்லை. ஆய்வாளர் அந்தச் சுத்தமான சுவரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கட்டுப்போட்ட விரலை ஒரு தரம் தடவிக்கொண்டார். பிறகு சான்றில் கையெழுத்துப் போட்டார்.

பொறியாளர் நிம்மதியாக மூச்சு விட்டுப் பனி வளர்ப்பானைக் கழற்றப் போனார்.

"என்னம்மா பண்றீங்க?"

"வேலை முடிஞ்சுதே சார்."

"சான்று இந்தப் பெட்டிக்கு. ஒரு திருகாணி குறைஞ்சாக்கூட அது வேற பெட்டி."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். என் சாதனம் எப்பவும் ஓடிட்டே இருந்தா ஐஸ் நிக்காது."

"அது எப்படி எப்பவும் ஓடும்? வருஷா வருஷம் வீட்டாய்வுக்கு நாங்க வருவோம். அப்ப பனி இருக்கணுமே. அதனால ஸ்விட்சை நிறுத்தி, மேல அரக்கு முத்திரை வெச்சுடறேன். முத்திரை உடைஞ்சா சான்று செல்லாது."

ஆக, நாட்டிலேயே முதன்முதலாக அரசுச் சான்று பெற்ற பனி நீக்கி, வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு சந்தைக்கு வந்தது. பெட்டி ஐஸை வளர்த்தது. ஐஸை நீக்கும் சாதனம் பக்கத்திலேயே அரக்குக்குள் சும்மா இருந்தது.

இதை யார் வாங்குவார்கள் என்று பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். விற்பனைப் பிரிவுக்காரர்கள் கவலையே படவில்லை. 'செயற்கைக் குளிர் போதும். இனி இயற்கைப் பனி' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். அவ்வளவுதான், ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூடத்தில் உட்கார வைக்கும் வழக்கம் போய், நேராக ஃப்ரீசருக்கு முன்னால் கூட்டிப்போகும் நாகரிகம் வந்தது. "உங்க வீட்ல எத்தனை மில்லி?" என்று கேட்டுக்கொண்டார்கள். பனியைப் படமெடுத்து அனுப்பினார்கள். ஃப்ரீசர் சுத்தமாக இருந்த வீடுகளில் அதைத் திறந்து காட்டக் கூச்சப்பட்டார்கள். ஒரு கடையில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பனிகூடக் கிடைத்தது. பொருள் வைக்க இடமில்லாததால் காய்கறியை மேசை மேல் வைத்தார்கள். அது அழுகியதை யாரும் படம் எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் ஒரு நாள் கல்யாண நாள் பரிசாக அந்த மாடலையே வாங்கி வந்து, வீட்டிலிருந்த முதல் பெட்டியைத் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். "உன்னோட கண்டுபிடிப்பு நம்ம வீட்ல இல்லைன்னா எப்படி?" என்றார். ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை விரித்தபோது அவர் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்.

நான்காவது ஞாயிறு பொறியாளர் பொறுமை இழந்தார். வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில் அரக்கை உடைத்து ஸ்விட்சைத் தட்டினார். பதினோரு நிமிஷம். குளித்துவிட்டு வந்தவரின் கையில் நாரைக் கொடுத்தார்.

அந்த வாரமே எதிர்வீட்டு அக்கா மெதுவாக வந்தார். "வெளிய சொல்லிடாதே. எங்க வீட்டு முத்திரையையும் உடைச்சு விடறியா? ஃப்ரீசர் வாசல்ல பிளாஸ்டிக் பனி ஒட்டி வெச்சுக்கறேன்." அடுத்து விற்பனைப் பிரிவுக்காரர் வந்தார். அதற்கடுத்து முதலாளி, தன் மனைவிக்குத் தெரியாமல். மறுநாள் முதலாளியின் மனைவி, முதலாளிக்குத் தெரியாமல். இரண்டு மாதத்தில் பொறியாளர் அறுபது வீட்டு முத்திரைகளை உடைத்திருந்தார். அறுபது வீட்டிலும் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்த வருஷத்து வீட்டாய்வுக்கு ஆய்வாளர் வந்தார். ஆறு வருஷமும் இப்போது அரக்குத் துணுக்காகப் போய்விடும் என்று பயந்து பொறியாளர் உடைந்த முத்திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். ஆய்வாளர் ஃப்ரீசரைத் திறந்தார். சுத்தமான சுவரில் மரக்கோலை வைத்தார். நிதானமாக 'ஏழு' என்று எழுதினார்.

"சார், பூஜ்யம்தானே?"

"பூஜ்யம் போட்டா குளிரலைன்னு ஆயிடும்மா."

"இதையே அன்னிக்கே எழுதியிருக்கலாமே?"

"அன்னிக்கு நீங்க உண்மையைச் சொல்லிட்டு எதிர்ல நின்னீங்க. சொன்ன பிறகு எப்படி எழுதறது? இன்னிக்கு நான் கேட்கலை, நீங்க சொல்லலை."

படிவத்தை மடித்துப் பையில் வைத்தவர் உடனே கிளம்பவில்லை. சமையலறையில் வீட்டுக்காரர் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். கட்டை விரலில் இன்னும் கட்டு இருந்தது. அது புதுக் கட்டு.

"ஒரு உதவி வேணும்மா. எங்க வீட்லயும் உங்க பெட்டிதான். வாராவாரம் கத்தியை வெச்சுக் குத்தி, விரல் இருக்கிற லட்சணத்தைப் பாருங்க. ஒரு நாள் வந்து அந்த முத்திரையை மட்டும்…"

பொறியாளர் ஃப்ரீசர் கதவைச் சாத்தினார்.

"சார், முத்திரையை உடைக்க முறைப்படி அனுமதி வேணுமே. உங்க நிலையத்துல ஒரு விண்ணப்பம் குடுத்தா ஆயிடுமே."

"அங்க கிடைக்காதும்மா" என்றார் ஆய்வாளர் வருத்தமாக. "அங்க நான்தானே உக்காந்திருக்கேன்."