மாஷிமா மெஸ்ஸில் ஒரு மீன் சாப்பாடு

பெயர்ப்பலகை இல்லாத கடையில்தான் உண்மையான ருசி இருக்கும் என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கென்று ஒரு கட்சி இருந்திருந்தால், கடலூர் மாவட்டச் செயலாளர் பதவி எனக்குத்தான் கிடைத்திருக்கும். 2007இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கட்சியிலிருந்து விலகினேன். (விலகினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் கீரப்பாளையம். கடலூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை கிடைத்து, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் நான். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதாக இல்லை (வார்டன் அம்மா இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்). அதிலிருந்து தப்பிக்கத்தான் கடை தேட ஆரம்பித்தேன்.

பழைய டவுனில், பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று தள்ளுவண்டியில் அத்தோ போடுவதைக் கண்டுபிடித்தேன். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், புளித்தண்ணி, வறுத்த பூண்டு எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பைபாஸ் ஓரம் லாரிக்காரர்களுக்காக ஒரு சர்தார்ஜி ரொட்டி சுட்ட கொட்டகை, திருச்சூர்க்காரர் ஒருவர் மாடிப்படிக்குக் கீழே நடத்திய புட்டுக்கடை, எல்லாமே என் கண்டுபிடிப்புகள். எதற்கும் பலகை கிடையாது. எதுவும் என் சம்பளத்துக்கு மீறியதும் இல்லை. அலுவலகத்தில் யாருக்காவது நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் என் மேஜைக்குத்தான் வருவார்கள். தலைக்கனம் வருவதற்கு வேறென்ன வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் கல்கத்தா தலைமை அலுவலகத்திலிருந்து காகோலி மேடம் தணிக்கைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஒரு தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே நம்மைப் பார்ப்பார். செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். ஆறு நாள் விருந்தினர் விடுதியில் இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டவர், ஏழாம் நாள் மேனேஜரிடம், "எங்க ஊர் மாதிரி ஒரு மீனும் சோறும் இந்தப் பக்கம் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "கலைச்செல்வி, பெங்காலி சாப்பாடு எங்கயாவது கெடைக்குமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவருடைய மேஜை இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"இருக்கு சார். சிதம்பரத்துல. நானே பல தடவ சாப்பிட்டிருக்கேன்."

அந்தக் கடைசி வாக்கியம் எதற்காக வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று மாலையே என் தம்பி விஜயனுக்குப் போன் செய்தேன். அவன் சிதம்பரத்தில் படித்து முடித்துவிட்டுப் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டிருந்தான். படிக்கும்போது கூடத் தங்கியிருந்த ஒரு பெங்காலிப் பையனோடு எங்கேயோ மீன் சாப்பிடப் போவதாக அடிக்கடி சொல்லியிருக்கிறான்.

"மாஷிமா மெஸ்ஸுக்கா! கூட்டிட்டுப் போக்கா. அசல் ருசி. அண்ணாமலை நகர் ரயில்வே கேட்டத் தாண்டி ரெண்டாவது தெரு, பச்ச கேட்டு. போர்டெல்லாம் இருக்காது. வாசல்ல செருப்பா கெடக்கும், அதான் அடையாளம்."

"ரேட்டு எப்புடிடா?"

"அதெல்லாம் ஒண்ணுமே ஆவாதுக்கா. நீ போ."

பலகை இல்லை, விலையும் குறைவு. என் கட்சியின் கொள்கை விளக்கக் கூட்டம்போல இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். நிம்மதியாகத் தூங்கியது அதுதான் கடைசி. அதற்கப்புறம் ஒரு மாதம் தூக்கமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி காரில் கிளம்பினோம். ஓட்டியவர் சேகர் அண்ணன். காகோலி மேடம் பின்சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மெஸ் இருக்குமா என்று தம்பியிடம் கேட்கவே இல்லை. போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறானாம். சிதம்பரம் கொள்ளிடம் வரை தள்ளிப்போய்விடக்கூடாதா, கார் பஞ்சராகிவிடக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே போனேன். சேகர் அண்ணன் அன்றைக்குப் பார்த்து அருமையாக ஓட்டினார்.

ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது தெருவில் பச்சை கேட். வாசலில் இருபது ஜோடி செருப்பு! கடுகெண்ணெய் வாசனை தெருமுனை வரை வந்தது. போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது எனக்கு.

"பாத்தீங்களா மேடம், எவ்வளவு கூட்டம்!" என்றேன், நானே கட்டிய மெஸ் மாதிரி.

சேகர் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டார். "நீங்க போங்கமா. இந்த எண்ண வாசன எனக்கு ஆவாது. நான் முக்குல பரோட்டா துன்னுக்கறேன்."

உள்ளே கூடத்தில் பிளாஸ்டிக் மேஜைகள் போட்டு, வாழையிலை விரித்திருந்தது. இருபது பேர் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டி, மொட்டையடித்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் கைகூப்பிக்கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். காகோலி மேடம் அவரிடம் பெங்காலியில் ஏதோ பேசினார். அவரும் இரண்டு வார்த்தை சொன்னார். மேடத்தின் முகம் மாறிவிட்டது. புடவைத் தலைப்பை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

போச்சு, இடம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். விலை கேட்டிருப்பார், ஜாஸ்தி என்று சொல்லியிருப்பார்கள். இழுப்பறையிலிருந்த கடிதம் கண்ணெதிரே பறந்தது. நிலைமையைச் சரிக்கட்டவேண்டும் என்றால் என்ன செய்யவேண்டும்? நான் இங்கே அடிக்கடி வருகிறவள் என்று காட்டிக்கொள்ளவேண்டும். காட்டிக்கொண்டேன்.

"அண்ணே, இந்தப் பக்கம் ஃபேன் போடுங்க."

மொட்டைக்காரர் வந்து ஃபேன் போட்டார்.

"என்னண்ணே, திருப்பதி போயிட்டு வந்தீங்களா?"

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "இல்லமா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு வைத்தார்.

சுவரோரம் ஒரு அம்மாவின் பெரிய படம். சம்பங்கி மாலை, ஊதுபத்தி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எந்த ஓட்டலில் முதலாளியின் படத்துக்கு மாலை போடாமல் இருக்கிறார்கள்?

"இவுங்கதான் மாஷிமாவா? இவுங்கதான் மெஸ்ஸ ஆரம்பிச்சதா?"

"ஆமாமா," என்றார் அவர். மாலையைச் சரி செய்தார். "எல்லாம் அவுங்க ஆரம்பிச்சதுதான்."

மேஜைக்கடியில் மேடத்தின் கால் என் காலை மிதித்தது. தெரியாமல் பட்டிருக்கும் என்று காலைத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

கசப்பாக ஒரு காய், பருப்பு, பிறகு கடுகு அரைத்துப் போட்ட மீன் குழம்பு. மீன் வாயில் கரைந்தது. ஆனால் உப்பு கொஞ்சம் குறைவு. சாப்பாட்டு நிபுணராயிற்றே, சும்மா இருக்கலாமா? "அண்ணே, உப்பு கம்மியா இருக்கே, மாஸ்டர்கிட்ட சொல்லக்கூடாதா?" என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் உப்பு கொண்டுவந்து வைத்தார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே சேகர் அண்ணன் தலை தெரிந்தது. கழுத்தைச் சுற்றி விரலால் வட்டம் போட்டார். கண்ணை மூடி, நாக்கை வெளியே தள்ளி, தலையைச் சாய்த்துக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் ஆட்டி வெளியே வா, வா என்றார். பரோட்டா கிடைக்கவில்லை, பசியில் நாக்குத் தள்ளுகிறது என்று புரிந்துகொண்டேன்.

"அண்ணே, எங்க டிரைவருக்கு ஒரு மீன் சாப்பாடு பார்சல். அப்புறம் பில்லு கொண்டாங்க. கம்பெனி பேர்ல வேணும், சீல் வச்சு."

கூடம் முழுக்க அப்படியே நின்றது. ஊதுபத்திப் புகை மட்டும்தான் நகர்ந்தது என்று நினைக்கிறேன். மொட்டைக்காரர் கையில் மீன் பாத்திரத்தோடு நின்றார்.

"பில்லா? அம்மா, இது கடை இல்லமா. வீடு. எங்கம்மா தவறிட்டாங்க. இன்னையோட பதிமூணு நாள். துக்கம் முடிச்சு மீன் சாப்பிடறது எங்க வழக்கம். நீங்க அம்மாகிட்ட சாப்பிட்ட பிள்ளைங்கள்ல ஒருத்தர்னு நெனச்சேன்."

மேடம் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "உனக்குத் தெரிந்த வீடு இல்லையா இது?"

அந்த நிமிடத்தில் எனக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கை முழுக்க மீன் குழம்பு. எழுந்தேன், நாற்காலியும் என்னோடு எழுந்தது. உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அழுகை வந்தது, மூக்கிலிருந்தும் வந்தது. "சார்... என் தம்பி... மெஸ்ஸுன்னு... போர்டு இருக்காதுன்னு..." என்று ஏதேதோ உளறினேன். ஜன்னலில் சேகர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, "சாவு ஊடுமா அது! அதத்தான அப்பலேர்ந்து சொல்றேன்!" என்று சத்தமாகவே சொன்னார்.

உள்ளறையிலிருந்து ஒரு பெரியவர் தடி ஊன்றி வந்தார். மாஷிமாவின் கணவர். பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். மகன் பெங்காலியில் நடந்ததைச் சொன்னார். ஃபேனிலிருந்து பில் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது. பெரியவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உப்பு கம்மின்னு சொன்னியா?" முப்பது வருடம் சிதம்பரத்தில் இருந்தவர், தமிழ் நன்றாகவே பேசினார்.

"இல்லங்கய்யா, நல்லாத்தான் இருக்கு."

"உண்மையச் சொல்லு."

"கொஞ்சம்... கம்மிங்கய்யா."

"இவுங்க எல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சாப்பிட்டாங்க," என்று கூடத்தைக் காட்டினார். "நீ ஒருத்திதான் சொன்ன. அவ இருந்தா உப்பு சரியா இருந்திருக்கும்."

சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து நான் இன்னும் சத்தமாக அழுதேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "சீல் வச்சு!" என்று மகனிடம் சொல்லிச் சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தார். மகனும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். இரண்டு வாரமாக அந்த வீட்டில் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். அதற்குக் காரணமானவள் தரைக்குள் போய்விட வழி தேடிக்கொண்டிருந்தாள்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. விடுதியில் தங்கிப் படித்த பெங்காலிப் பிள்ளைகளுக்கு அந்த அம்மா ஞாயிறுதோறும் மீன் சோறு போட்டிருக்கிறார். கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வருவார்களாம். மாஷிமா என்றால் சித்தி. பிள்ளைகள் செல்லமாக வைத்த பெயர்தான் மாஷிமா மெஸ். என் தம்பி இரண்டு வருடம் அங்கே சாப்பிட்டிருக்கிறான்.

"காசே குடுத்ததில்லையாடா நீ?" என்று அன்று இரவு போனில் கத்தினேன்.

"ரூம்மேட் குடுக்கறான்னு நெனச்சுட்டேன்க்கா," என்றான். பிறகு மெதுவாக, "மாஷிமா செத்துட்டாங்களாக்கா?" என்று கேட்டான். என் கோபம் அதோடு போய்விட்டது. அடுத்த வாரமே வந்து, நான் கூடப் போக, அந்தப் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் பெங்களூருக்குத் திரும்பினான்.

காகோலி மேடம் கடலூர் திரும்பி விருந்தினர் விடுதி வாசலில் இறங்கும்போது, "நல்ல சாப்பாடு. ஆனால் இனிமேல் எனக்கு இட்லி போதும்," என்றார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே அந்தப் பார்வை. மேனேஜரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பு மட்டும் வேறொருவருக்குப் போனது. கடிதத்தைப் பிரிக்கும் அவசரத்தில் ஓரத்தைக் கிழித்துவிட்டேன். அது இப்போதும் கிழிந்தபடியே இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து எனக்குச் சிதம்பரத்தில் கல்யாணம் நடந்தது. மேடையில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். அடர்ந்த சுருட்டை முடியோடு ஒருவர் பந்தியிலிருந்து கை துடைத்துக்கொண்டு நேராக மேடையேறினார். மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்து, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று சிரித்தேன்.

"சாப்பிட்டேன்மா. ஃபேன்கூட நல்லா சுத்துச்சு. பில்லு கொண்டாங்க, சீல் வச்சு," என்றார்.

அடையாளம் தெரிந்ததும் மாலையோடு அவர் காலில் விழுந்தேன். பக்கத்தில் நின்ற என் மாமனாருக்குக் கதை தெரியாது. ரொம்பவும் நேர்மையான மனிதர். முகம் வெளுத்துப்போய், பையைத் தடவிக்கொண்டு, "சமையல்காரருங்களா? மீதிய சாயங்காலம் தர்றதாத்தான பேச்சு?" என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்குச் சாப்பாடு பிடித்திருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை. இலையை மடித்துவிட்டு, "சீல்" என்பார்கள். என் மாமனார் மட்டும் அதைக் கேட்டால் இன்னமும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.