சனிக்கிழமைச் சந்தைக்குக் குதிரையேறுவது பற்றி

பெருமதிப்புக்குரிய தாமசின் சித்திக்கு,

லவ்டே பணிவுடன் எழுதுவது. எஜமானியம்மாவின் வீங்கிய கால் ஒன்றைத் தவிர இந்தப் பண்ணையில் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் வாத்துகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

அந்தக் கால்தான் எனக்கு வினையாகிவிட்டது சித்தி. அதனால் எஜமானியம்மாவால் குதிரையேற முடியாதாம், சனிக்கிழமை டாவிஸ்டாக் சந்தைக்கு வெண்ணெயை நான்தான் கொண்டுபோக வேண்டுமாம். "முடியாதுன்னா பெட்டியக் கட்டு, வேற பொண்ணப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனால் அப்பா என்னை வீட்டுக்குள் விடுவாரா? நடந்து போனால் வெண்ணெய் உருகிவிடும், குதிரைமேல் போனால் நான் உருகிவிடுவேன். சந்தையே அண்ணாந்து என்னைப் பார்க்குமே!

குதிரைக்கார ஜோரி அண்ணன்தான் பழக்குகிறார். முதல் நாளே வலப்பக்கமாக ஏறப் போனேன். குதிரை பல்லைக் காட்டித் திரும்பியது, நான் தீவனத் தொட்டிக்குள் கிடந்தேன்.

"அது எட்டப் பக்கம், தங்கச்சி. இடதுதான் கிட்டப் பக்கம், அங்கதான் ஏறணும். அந்தக் காலத்து வீரனுக்கு இடது இடுப்புல வாள் தொங்கும், வலது பக்கமா ஏறினா குறுக்க மாட்டும்."

"எங்கிட்டதான் வாளே இல்லியே, அண்ணே?"

"அது உனக்குத் தெரியும். குதிரைக்குத் தெரியுமா?"

முன்பு சீமாட்டிகளுக்கென்றே குலுங்காமல் நடக்கும் குதிரைகள் இருந்தனவாம், பால்ஃப்ரி என்று பெயராம். இது பால்ஃப்ரியா என்று கேட்டேன். இது டர்னிப் கிழங்கு வண்டி இழுப்பது என்றார். பிறகு கேன்டர் என்று ஒரு ஓட்டமாம். பெயரைக் கேட்டதுமே நான் தீவனத் தொட்டிப் பக்கம் நகர்ந்தேன்.

"அட, கேன்டர்பரி கோயிலுக்கு வேண்டுதலுக்குப் போனவங்க மெதுவாப் போன ஓட்டம்மா அது. பேரு தேஞ்சு கேன்டர் ஆயிடுச்சு."

"போனவங்க எல்லாரும் திரும்பி வந்தாங்களா?"

"அத யாரும் எங்கிட்ட சொல்லல."

ஆகவே சித்தி, உங்களுக்கு உடம்பு சரியில்லை, லவ்டே உடனே வர வேண்டும் என்று எஜமானியம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். சின்ன நோய் போதும். சனிக்கிழமைக்குள் வந்தால் நல்லது.

உங்களுக்கும் வாத்துகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
லவ்டே

பின்குறிப்பு: கடிதம் கொண்டுபோகிற ஆள் வரவேயில்லை. நோய் எதுவும் வேண்டாம் சித்தி. சந்தைக்குப் போய்விட்டேன், வெண்ணெய் முழுவதும் விற்றுப்போய்விட்டது. திரும்பும் வழியில் உங்கள் வாசலில்தான் குதிரைமேல் இருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பது பயத்தால் அல்ல, குதிரை உங்கள் முட்டைக்கோசைத் தின்கிறது. சத்தம் போட்டுக் கூப்பிடக் கூச்சமாக இருப்பதால் இதை ஜன்னல் வழியாகப் போடுகிறேன். ஜோரி அண்ணன் இன்னும் இறங்கச் சொல்லித்தரவில்லை. படித்ததும் ஒரு நாற்காலியோடு வெளியே வாருங்கள்.