ஏழரை மணிக்குப் பூட்டிய கதவு

நேரத்துக்கு வருகிறவர்களைப் போல அடுத்தவர் உயிரை எடுப்பவர்கள் உலகத்தில் கிடையாது. இதை நான் தைரியமாகச் சொல்லலாம், ஏனென்றால் நானும் அந்த இனம்தான். ஏழு மணி விருந்துக்கு ஆறரைக்கே போய், நாற்காலி அடுக்குகிறவர்களுக்கு இடைஞ்சலாக உட்கார்ந்திருப்பேன். (என் சொந்தக் கல்யாணத்துக்கு ஐயருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தவள் நான். எனக்கு எவ்வளவு அவசரம் இருந்தது என்பதற்கு இதை ஆதாரமாக என் கணவர் சேகர் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிவருகிறார்.)

இப்படிப்பட்டவளை மலாக்கா பாச்சாங்கில் உள்ள எங்கள் சேவை மன்றம் ஓர் ஆண்டுக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது. போட்டியே இல்லை. தேர்தல் நாளன்று குறித்த நேரத்துக்கு வந்தவள் நான் ஒருத்திதான், மற்றவர்கள் வந்து பார்த்தபோது நான் ஏற்கெனவே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று சிலர் சொல்வார்கள். அது முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மன்றத்தின் வாரக்கூட்டம் வியாழன்தோறும் மாலை ஏழரை மணிக்கு. கடைவரிசை ஒன்றின் மாடியில் ஓர் அறை. கீழே ரொட்டி சானாய் கடை. கடைக்குப் பக்கத்தில் ஒரு கிரில் கதவு, அதைத் தாண்டினால் மாடிப்படி. ஏழரைக்குக் கூட்டம் என்றால் எட்டு மணிக்கு முதல் ஆள் வருவார், வந்தவர் கீழே தே தாரேக் குடிப்பார், அவருக்குத் துணையாக இரண்டாவது ஆள் குடிப்பார், எட்டு இருபதுக்கு மேல்தான் நான் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்க முடியும். (ஏழரை என்றாலே நம் ஆட்களுக்குச் சனீஸ்வரன் ஞாபகம் வந்து தயங்குகிறார்களோ என்னவோ.)

ஒரு வியாழன் நீரிழிவு நோயைப் பற்றிப் பேச ஒரு டாக்டரை அழைத்திருந்தேன். அவர் ஏழே காலுக்கு வந்தார். நானும் அவரும் முப்பது காலி நாற்காலிகளும் முக்கால் மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் மரியாதையாக எழுந்து, "இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படியிறங்கும்போது, அப்போதுதான் ஏறிவந்துகொண்டிருந்த எங்கள் உதவித் தலைவர் சுப்ரா அண்ணன் அவரைப் பார்த்து, "என்னா டாக்டர், அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாராம்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் வீட்டில் இரண்டு நாள் உப்பில்லாமல் சமைத்தேன். மூன்றாம் நாள் ஒரு பூட்டு வாங்கினேன். என் உள்ளங்கை அளவு பித்தளைப் பூட்டு. மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன்: "வரும் வியாழன் முதல் சரியாக ஏழரைக்குக் கீழ்க் கதவு பூட்டப்படும். யாராக இருந்தாலும் சரி." எல்லாரும் உயர்த்திய கட்டைவிரல் படம் போட்டார்கள். ஒருவர்கூட நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அந்த வரும் வியாழன் சாதாரண வியாழன் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலோர் காஜாவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், வேலை ஓய்ந்த பிறகும் அங்கேயே இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதால் வாரம் மூன்று நாள் ரத்தம் கழுவப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவார். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது உடம்பில் சத்தே இருக்காது, உட்கார்ந்தபடியே சாய்ந்துவிடுவார். அதனால் ஒரு துண்டை எடுத்து அவரை ஓட்டுகிறவர் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒருமுறை அதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அந்த வட்டாரத் தோட்டங்களில் அவரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். இவர்களுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்பதுதான் என் பதவிக்காலத்தின் ஒரே ஆசை.

அலோர் காஜாவில் முத்தையா என்று ஒரு லோரி முதலாளி. அவரிடம் ஓடாமல் நின்ற ஒரு நல்ல வேன் இருந்தது. இரண்டு தடவை வீடு தேடிப்போய்க் கெஞ்சினேன். முன்பு ஏதோ ஒரு சங்கத்துக்கு அவர் ஒரு வண்டி கொடுத்து, அது அந்தச் சங்கத் தலைவரின் வீட்டுக் காய்கறி வாங்கவே ஓடியதாம். அதனால், "உங்க கூட்டத்துக்கு நேர்ல வந்து ஆளுங்களப் பார்க்கிறேன்மா. பிடிச்சிருந்தா அங்கேயே சாவியக் கொடுத்துருவேன்" என்றார். அந்த வியாழன்தான் வருவதாகச் சொன்னார்.

"அந்த நாள்லயா பூட்டப்போற? அடுத்த வாரம் ஆரம்பிச்சுக்கலாம் லா" என்றார் சேகர்.

"இன்னிக்குத் தள்ளிப்போட்டா என்னிக்கும் நடக்காது" என்றேன். எனக்கு இருந்த உறுதியில் அன்று மலாக்கா ஆற்றையே திருப்பிவிட்டிருப்பேன்.

ஏழு இருபத்தெட்டுக்குப் படிக்கட்டின் அடியில், கிரிலுக்கு உள்பக்கம், கையில் பூட்டோடு நின்றேன். உள்ளே வந்திருந்தவர்கள் இருவர். ஒருவர் சேகர். (கணவர் என்பதால் அவருக்கு வேறு வழியில்லை.) இன்னொருவர் செயலாளர் குணா, என்னைப் பார்த்தாலே பயப்படுகிறவர். சரியாக ஏழரைக்குக் கதவை இழுத்து, கம்பி வழியாகக் கையை வெளியே விட்டு, 'டக்' என்று பூட்டினேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட இனிமையான சத்தங்களில் அது ஒன்று.

அடுத்த நிமிடமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பூட்டுவதை வேடிக்கை பார்க்கவாவது வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்திருந்தார்கள். சுப்ரா அண்ணன் வந்தார். கூட்டத்துக்கான பலகாரமாகக் கறிபாப் டப்பாவைச் சுமந்துகொண்டு லெட்சுமி அக்கா வந்தார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர்.

"மாலா, ஒரு நிமிஷம்தான் லா! விளையாடாத, திற" என்றார் சுப்ரா அண்ணன்.

"அடுத்த வியாழன் பார்க்கலாம் அண்ணே."

"கறிபாப் சூடா இருக்கு, ஆறிரும்" என்றார் லெட்சுமி அக்கா.

நான் அசையவில்லை. அப்போதுதான் சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளை வேன் மூன்றாவது தடவையாக ஊர்ந்து வருவதைக் கவனித்தேன். பாச்சாங்கில் மாலை வேளையில் பார்க்கிங் கிடைப்பதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும். வேன் ஒருவழியாக ஓரமாக நின்றது. அதிலிருந்து முத்தையா இறங்கினார். சட்டையைச் சரிசெய்துகொண்டு சாலையைக் கடந்து நேராகக் கிரிலுக்கு வந்தார். கடிகாரம் ஏழு முப்பத்திரண்டு காட்டியது.

"வணக்கம்மா. பார்க்கிங்கே இல்ல. மூணு சுத்து சுத்திட்டேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவருக்குத் திறந்தால், பணக்காரருக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டமா என்று சுப்ரா அண்ணன் கேட்பார், பூட்டின் கதை அன்றே முடிந்துவிடும். திறக்காவிட்டால் சித்தப்பாவின் கதை? பின்னால் நின்ற சேகர் என் காதுக்குள், "மாலா, வேன். மாலா, வேன்" என்று மந்திரம் மாதிரி ஓதினார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது.

"மன்னிச்சிக்குங்க ஐயா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படியேறினேன். முதல் நான்கு படி வரை வீரமாக இருந்தது. ஐந்தாவது படியில் சித்தப்பாவைக் கட்டிய அந்தத் துண்டு கண் முன்னால் வந்தது. திரும்பி ஓடிப்போய்த் திறந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பதின்மூன்று பேரின் முகத்தையும் எப்படிப் பார்ப்பது என்ற வெட்கம் என்னை மேலேயே தள்ளிக்கொண்டு போனது.

மாடியில் கூட்டத்தை நடத்தினேன். கைப்பேசிகளை அணைத்து பிஸ்கட் டின்னில் போட வேண்டும் என்பதும் என் புதுச் சட்டங்களில் ஒன்று, ஆகவே மூன்று கைப்பேசிகளும் டின்னுக்குள் இருந்தன. மணியடித்தேன். வரவேற்புரை நிகழ்த்தினேன். குணா எழுந்து, தன் செருப்பைப் பார்த்தபடி, "அக்கா, சட்டப்படி ஒன்பது பேர் இருந்தாத்தான் கூட்டம் செல்லும்" என்றார்.

"குறித்துக்கொள்ளுங்கள்" என்றேன் தூய தமிழில். கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

ஏர்கோன் லோரி எஞ்சின் போல உறுமிக்கொண்டிருந்ததால் கீழே என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. முத்தையா அலோர் காஜா போய்ச் சேர்ந்திருப்பார், நாளைக்குச் சித்தப்பாவுக்கு எந்த முகத்தோடு போன் செய்வது என்று யோசித்தபடியே மூன்று தீர்மானங்களை ஏகமனதாக நிறைவேற்றினேன். மூன்றையும் முன்மொழிந்தவளும் நானே. எட்டரை அடித்ததும் கூட்டத்தை முடித்து, படியிறங்கி வந்து, சாவிக்காகக் கைப்பையைத் துழாவினேன். சாவி இல்லை.

கிரிலுக்கு வெளியே பார்த்தேன். ரொட்டி சானாய் கடைக்காரர் மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார். மன்றமே அங்கே உட்கார்ந்திருந்தது. நடுவில் முத்தையா, ஒரு கையில் லெட்சுமி அக்காவின் கறிபாப். அவருடைய தே தாரேக் கோப்பைக்குப் பக்கத்தில் என் சாவி கிடந்தது. பூட்டிய வேகத்தில் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வீரநடை போட்டிருக்கிறேன்! ஒரு மணி நேரமாக அவர்கள் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொண்டு மேலே வந்திருக்கலாம். யாருக்கும் வரத் தோன்றவில்லை.

"அண்ணே, கதவத் திறங்க" என்றேன்.

சுப்ரா அண்ணன் ஒரு கரண்டியால் கோப்பையைத் தட்டினார். "கூட்டம் நடந்துகிட்டு இருக்கு. நடுவுல யாரும் பேசக் கூடாது."

முத்தையா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தலைவரம்மாவா? ஒரு மணி நேரம் லேட்டா வர்றீங்களே. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

லாக்கப்பில் நிற்பவர்கள் போல நாங்கள் மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். போகிற வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருவர் சேகரிடம், "என்னா கேஸ்?" என்றே கேட்டார். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர் இருந்ததால் சட்டப்படி அதுதான் மன்றத்தின் கூட்டம். மாடியில் நான் நடத்தியது வீண் வேலை. ஒரு மணி நேரத்தில் அவர்கள் எந்தத் தோட்டத்தில் யாருக்கு நோய், யார் எந்த நாளில் போக வேண்டும், நம்மில் யார் எந்த நாள் ஓட்டுவது என்று எல்லாவற்றையும் ரொட்டி சுற்றிவந்த தாளின் பின்பக்கத்தில் எழுதி முடித்திருந்தார்கள். நான் மூன்று மாதம் கத்தியும் செய்யாதவர்கள்!

முத்தையா சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. கொடுக்கிறேன். ஆனா ஒரு கண்டிஷன். என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் மூணு வருஷம் ரத்தம் கழுவக் கூட்டிட்டுப் போயிருக்கேன். சட்டை மாட்டவே அரை மணி ஆகும் அவளுக்கு. வாசல் வரைக்கும் வந்துட்டு, முடியலன்னு திரும்பப் போய் உட்காருவா. இந்த ஜனங்களுக்கு நேரம் அப்படித்தான் லா." கிரில் பக்கம் கையைக் காட்டினார். "அதனால வேன் சாவி அந்தம்மா கைக்கு மட்டும் போகக் கூடாது. ரெண்டு நிமிஷம் லேட்டுன்னா விட்டுட்டுப் போயிருவாங்க."

பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. எனக்குப் பக்கத்தில் ஒரு கை கம்பி வழியாக வெளியே நீண்டது. பார்த்தால் சேகர்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வேன் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் கம்பியைப் பிடித்தபடி அழுதுவிட்டேன். அந்த மனிதர் சொன்னது சரி என்பதும் அழுகைக்கு ஒரு காரணம். லெட்சுமி அக்கா எழுந்துவந்து பூட்டைத் திறந்து, மிச்சமிருந்த ஒரு கறிபாப்பை என் கையில் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது.

அந்தத் தீர்மானம் குறிப்பேட்டில் குணாவின் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது. ரத்து செய்யக் கோரி இரண்டு தடவை மனு கொடுத்துத் தோற்றேன். சனிக்கிழமைகளில் வேன் ஓட்டுவது சேகர். லெட்சுமி அக்கா சாவியை அவர் கையில்தான் கொடுப்பார், நான் பக்கத்தில் நின்றாலும் அது என் கையில் படாமல் பார்த்துக்கொள்வார். நான் கதவைத் திறந்துவிடுகிற வேலைக்கு மட்டும் கூடப் போவேன்.

சித்தப்பா வீட்டு வாசலில் வேன் நிற்கும். அவர் மெதுவாகச் சட்டை மாட்டுவார், பொத்தானைத் தப்பாகப் போட்டுக் கழற்றுவார், சீப்பைத் தேடுவார், பாதி வழி வந்துவிட்டுக் கண்ணாடியை மறந்தேன் என்று திரும்பிப் போவார். நான் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். அவர் வாசலில் வந்து நின்று என்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு எனக்குக் கேட்கும்படியாக சேகரிடம் சொல்வார்:

"அவசரம் இல்லையே மாப்பிள? சாவி உன்கிட்டதான இருக்கு?"