கனகசபேசன் கொடுத்த உத்தரவு

டாக்கி பார்த்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்பது கனகசபேசனின் அசைக்க முடியாத கொள்கை. எப்படிக் கெட்டுப்போவார்கள் என்று ஆராய்வதற்காக, வந்த படத்தையெல்லாம் அவர் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆராய்ச்சி போதவில்லை என்று தோன்றினால் மறுபடியும் போவார்.

சிதம்பரம் மேலவீதியில் உத்திராபதி பிள்ளையின் ஜவுளிக்கடையில் அவருக்கு வேலை. யுத்தம் முடிந்தும் துணிக் கட்டுப்பாடு முடியாத காலம். கடையில் சரக்குக் குறைவு, பொழுது ஜாஸ்தி. கிழித்துக் கொடுக்கத் துணி இல்லாததால் கனகசபேசன் நாட்டு நடப்பைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரு நாள் குண்டு விழுந்தது.

"ஏங்க, பக்கத்து வீட்டு சவரியம்மா டீச்சர் சொன்னாங்க. அவுங்க பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஆள் இல்லையாம். நான்தான் எட்டாவது பாஸ் பண்ணியிருக்கேனே, போகட்டுமா?" என்றாள் மனைவி ஜகதாம்பாள்.

"நீ பாஸ் பண்ணினது கல்யாணத்துக்கு. வேலைக்கில்லே."

"கல்யாணத்துல யாரும் எங்கிட்ட வாய்ப்பாடு கேக்கலியே?"

கனகசபேசன் திடுக்கிட்டார். எதிர்ப்பேச்சு! குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற சவரியம்மாளின் சகவாசம்தான் இது என்று முடிவு கட்டினார். இதற்கு மருந்து?

மருந்து கடலூரில் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பதிவிரதைப் படம். அதில் வரும் உத்தமி புருஷன் உத்தரவில்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அந்நிய ஆடவனிடம் பேச மாட்டாள். புருஷன் பெயரை உச்சரிக்க மாட்டாள். அவன் அவளைக் காட்டுக்கு விரட்டுவான். அவள் அவன் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போவாள். கனகசபேசன் அதை ஏற்கெனவே ஆராய்ந்திருந்தார். கொள்கையைச் சற்றே தள்ளிவைத்து, மனைவியை ரயிலேற்றினார்.

கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி, நடுவில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் விசும்பல் கேட்கக் கேட்க இவருக்கு உடம்பு சிலிர்த்தது. அதில் ஒரு விசும்பல் நம் வீட்டுடையது என்று நினைத்துக்கொண்டார். ஆண்கள் பக்கம் ஒரே கைதட்டல்.

திரும்பும்போது ரயிலில் கேட்டார்: "எப்படி படம்?"

"ரொம்ப நல்லாயிருந்துச்சுங்க. இனிமே அந்த அம்மா மாதிரியே நடந்துக்கலாம்னு இருக்கேன்."

"சபாஷ்!"

"ஒரே ஒரு சந்தேகம். அந்தாளு அத்தனை அநியாயம் பண்றானே, கடைசியில வானத்துலேருந்து தேவருங்க அவன் தலையிலயும் பூ போடறாங்களே, எதுக்கு?"

கனகசபேசன் யோசித்தார். "பக்கத்துல நின்னான்ல, தவறி விழுந்திருக்கும்."

மறுநாள் காலை அவர் கட்டிலைவிட்டுக் காலைக் கீழே வைத்தார். கால் தரையில் படவில்லை. நமஸ்காரம் செய்துகொண்டிருந்த ஜகதாம்பாளின் முதுகில் பட்டது. நிலைதடுமாறிப் போய்த் தண்ணீர்ப் பானையைக் கட்டிப்பிடித்தார். குளித்துவிட்டு வந்தால் அடுப்பு பற்றவைக்கவில்லை.

"உத்தரவு ஆகலீங்களே."

"பத்தவை!"

"குழம்புக்கு எவ்வளவு உப்புங்க?"

அவர் உப்பை இலையில் பார்த்திருக்கிறாரே தவிர, ஜாடியில் பார்த்ததில்லை. குத்துமதிப்பாக, "ரெண்டு கை" என்றார். அன்று கடையில் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் பால்காரர் வாசலில் கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்நிய ஆடவர். காப்பி இல்லை.

அதற்கு மறுநாள், அங்கே மட்டும் பேசலாம் என்று உத்தரவு கொடுத்து, கண்ட்ரோல் கடைக்கு அரிசி வாங்க அனுப்பினார். அங்கே வீட்டுக்காரர் பெயர் கேட்டார்கள். ஜகதாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னாத்தாம்மா அரிசி."

"நம்ம கோயில்ல சாமி எங்க நின்னு ஆடுது? அதுதாங்க அவுங்க பேரு."

அரிசி போடுகிறவர் வெளியூர்க்காரர், நடராஜர் ஆடுகிற கனகசபையை அறியாதவர். "ஆடுறவரா? கூத்தாடியா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அப்படி ஒரு பெயர் கடைக் கணக்கில் இல்லாததால் அரிசியும் இல்லை. கூத்தாடி என்ற பெயர் மட்டும் மேலவீதி முழுக்கப் பரவிவிட்டது.

கனகசபேசன் தளரவில்லை. பழக்கத்துக்கு வரும்வரை எதுவும் அப்படித்தான் என்று தைரியம் சொல்லிக்கொண்டார். அந்தத் தைரியம் வெள்ளிக்கிழமைவரை இருந்தது. அன்று முதலாளி கூப்பிட்டார்.

"ஏம்பா, நேத்து சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு கத்துறேன். உள்ளே வளையல் சத்தம் கேக்குது, மனுஷக் குரல் இல்லே. உன் சம்சாரம் ஊமையா?"

"ஐயோ, நல்லாப் பேசுவா மொதலாளி!"

"அப்ப என்னை மதிக்கலேங்கிறே."

கனகசபேசனுக்கு வேர்த்துவிட்டது. "இல்லீங்க, நான்தான்... அந்நிய ஆம்பளைங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு..."

"நான் அந்நிய ஆம்பளையா? உனக்குச் சோறு போடுற நான் அந்நிய ஆம்பளையா? கெளம்பு. என் கண்ணு முன்னால சொல்லு, பேசச் சொல்லி."

வேலை போய்விடும் என்ற பயத்தில் கனகசபேசன் முதலாளிக்கு முன்னே ஓடினார். வாசற்படி ஏறும்போதே குரல் கொடுத்தார்.

"ஜகதா! மொதலாளி வந்திருக்காரு. அவரு என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு. இது என் உத்தரவு!"

கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "என்ன கேட்டாலுமாங்க?"

"என்ன கேட்டாலும்!"

ஜகதாம்பாள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்து கும்பிட்டாள். பக்கத்து வீட்டு வாசலில் சவரியம்மாள் எதற்கோ நின்றுகொண்டிருந்தாள்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணுமில்லேம்மா. பொண்ணுங்க பள்ளிக்கூடத்துக் கமிட்டியில நானும் இருக்கேன். டீச்சர் இல்லாம என் பேத்தி வகுப்பு சும்மா கெடக்குது. சவரியம்மா டீச்சர் உங்களைச் சொன்னாங்க. திங்கக்கிழமைலேருந்து வர்றீங்களா?"

"சரிங்க" என்றாள் ஜகதாம்பாள்.

கனகசபேசன் வாயைத் திறந்தார். முதலாளி அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "உன்னை என்னமோன்னு நெனச்சேம்பா. என்ன கேட்டாலும் சரின்னு சொல்லச் சொன்னியே, அந்த மனசு யாருக்கு வரும்!"

திறந்த வாயைச் சிரிப்பாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதலாளி தலை மறைந்ததும் மனைவியிடம் திரும்பினார். "இவரு இதுக்குத்தான் வரப்போறாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பதிவிரதை புருஷன்கிட்டப் பொய் சொல்லக் கூடாதுங்க. அதனால கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஜகதாம்பாள் போனாள். அந்த மாதமே பிள்ளைகளின் தாய்மார்கள் கூட்டம் கூட்டமாக ஜவுளிக்கடைக்கு வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி கனகசபேசனைக் காட்டுவார்:

"இவருதான் நம்ம டீச்சரம்மா வீட்டுக்காரரு. பேரு என்னமோ ஒண்ணு."