பந்தி டீச்சரின் தண்டனை

காரைக்குடியில் சண்டைக்காரப் பயல்களைச் சோறு போட்டே சாய்த்தவர் பந்தி டீச்சர் ஒருவர்தான். பிரம்பைத் தொடவே மாட்டார். கரண்டியைக் கொடுத்துவிடுவார்.

போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் என் மகன் செந்தில், கார்த்தி என்ற பையனை ஜாமெட்ரி பாக்ஸால் அடித்துவிட்டான். நெற்றியில் இரண்டு தையல். கார்த்தியும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரு மாதமாக இவன் பையை ஜன்னல் வழியாக வெளியே எறிந்துகொண்டிருந்தவன். தலைமையாசிரியர் டி.சி.யை எழுதி வைத்துக்கொண்டுதான் என்னை வரச் சொன்னார். கையெழுத்து மட்டும் பாக்கி. ‘குன்றக்குடி முருகா, பிள்ளை படிப்பைக் காப்பாத்து, மொட்டை போடுறேன்’ என்று நின்ற இடத்திலேயே வேண்டிக்கொண்டேன். மொட்டை அவனுக்குத்தான், எனக்கில்லை.

அப்போது வகுப்பாசிரியை பந்தி டீச்சர் உள்ளே வந்தார். “ஒரு வாரம் பொறுங்க சார். ரெண்டு பயலும் ஒருத்தனுக்கொருத்தன் பந்தி பரிமாறட்டும். அப்பவும் அடிச்சுக்கிட்டா நானே பேனா தாரேன்.”

மத்தியானம் மரத்தடியில் இலை. கைகூப்பி அழைத்து, கல்யாண வீடு மாதிரி உபசரிக்க வேண்டும். இலையில் மிச்சம் வைக்கக் கூடாது. ஒரு நாள் இவன், மறுநாள் அவன். சமைக்கிற தண்டனை அம்மாமாருக்கு.

முதல் நாள் என் மகன் முறை. வகுப்பே சுற்றி நின்றது.

“வாங்க கார்த்தி. தையல் சௌக்கியமா?”

“நீங்க குடுத்தது, நல்லாத்தான் இருக்கு.”

“என்ன கொறிக்கிறீக? வச்சுக்கங்க, எங்கம்மா கோவிச்சுக்கும்.”

நான் எப்போது கோபித்தேன்? கைச்சண்டை கரண்டிக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். நாலாம் தடவை சோறு விழுந்ததும் கார்த்தி பெல்ட்டைத் தளர்த்தினான்.

மறுநாள் கார்த்தி பழிதீர்த்தான். ஏழாவது கந்தரப்பம் இலையில் விழுந்ததும் என் மகன் அலறினான்: “டீச்சர், டி.சி.யே குடுத்துருங்க!”

“மொதல்ல இலைய முடிங்க தம்பி. டி.சி. ஆறிப்போகாது” என்றார் டீச்சர்.

அன்று பிற்பகல் கணக்கு வகுப்பில் இரண்டும் ஒரே பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கியதாம். மூன்றாம் நாள் சமாதானப் பேச்சு. “நான் கம்மியா வைக்கிறேன், நீயும் கம்மியா வையிடா.” அவர்கள் அடிதடியில்லாமல் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

இதில் வேறு வினை. சோற்றுக்கு ஆசைப்பட்டு இரண்டு நல்ல பிள்ளைகள் பதினொன்றரைக்கே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். “பொய்ச் சண்டைக்குப் பாத்திரம் கழுவுறதுதான்” என்று டீச்சர் அவர்களைக் குழாயடிக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் டி.சி.யோடு வந்தார். பயல்கள் இரண்டு பேரும் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். “இன்னும் வச்சுக்கங்க சார்” என்று இந்தப் பக்கம் ஒருவன், “எங்க வீட்டுது புடிக்கலையா சார்” என்று அந்தப் பக்கம் ஒருவன். ஒரு சண்டையும் இல்லாமல் கூட்டாகவே அவரைத் தாக்கினார்கள். இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க எழுந்தவர், டி.சி.யை நாலாகக் கிழித்து, டீச்சரிடம் “போதும்மா, பொழச்சுப் போகட்டும்” என்றார். என் பிள்ளை பிழைத்தான்.

இப்போதெல்லாம் எங்கள் தெருக் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது, வீட்டார் பெயர்களைச் சொல்லிவிட்டுக் கடைசியில் “பந்தி டீச்சர்” என்பேன். அவர் நிஜப் பெயரை நான் கேட்டதே இல்லை.

“நட்சத்திரம் என்னம்மா?” என்பார் குருக்கள்.

“தெரியாது சாமி. எங்க செந்தில் நட்சத்திரத்தையே சொல்லுங்க. அவுகளும் எங்க வீட்டு ஆளுதான்.”